பற்சக்கரம் அணியின் தூண், கூரை, வாசற்படி

எங்கள் கார் பந்தய அணியில் ஓட்டுநர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமா, இன்னொருவர் நான். கார்தான் கிடையாது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. மேசை விளிம்பில் ஒரு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பொருத்தி, காலடியில் மிதிகளை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கணினித் திரையைப் பார்த்து ஓட்டுகிற பந்தயம் அது. எதிராளிகள் அவரவர் வீட்டில் அவரவர் மேசையோடு உட்கார்ந்திருப்பார்கள். பெட்ரோல் செலவில்லை, எலும்பு முறியாது. அவமானம் மட்டும் அசல்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பல் டாக்டர். கிளினிக்கில் புது எக்ஸ்ரே கருவி வந்த பிறகு பழைய எக்ஸ்ரே அறை சும்மா கிடந்தது. அங்கேதான் எங்கள் பந்தய மைதானம். அணியின் பெயர் பற்சக்கரம். பெயர் வைத்துவிட்டு மாமா மூன்று நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள். காரின் முன்பக்கத்தில் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லை வேரோடு வரைந்தது நான். லீக்கில் பன்னிரண்டு அணிகள். போன சீசனில் நாங்கள் பதினொன்றாவது. பன்னிரண்டாவது வந்த அணி, பரீட்சை வந்ததால் பாதியிலேயே விலகிக்கொண்ட அணி.

மாமா ஓட்டுவதைப் பார்த்தால் காருக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு ஓட்டுகிறாரோ என்று தோன்றும். ஒவ்வொரு வளைவிலும் "இதோ முடிஞ்சிடுச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்கிற வேகம். பின்னால் யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். நான் அவரைவிட வேகம். ஆனால் எந்த மைதானமானாலும் ஒரு மோசமான கொண்டை ஊசி வளைவு இருக்கும் இல்லையா, அதில் நான் கட்டாயம் ஒரு தடவை பம்பரமாகச் சுழன்று புல்லில் போய் நிற்பேன். முன்னால் போகிறவனை அங்கேயே மடக்கிவிட வேண்டும் என்ற பேராசை. வேறு காரணம் இல்லை.

கல்லூரியில் நான் எதையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பவன் என்று பெயர். பேராசிரியர்கள், தேர்வு அட்டவணை, கேன்டீன் டீ, என் சொந்த மதிப்பெண்கள் எதுவும் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகு மட்டும் எனக்கு எதையும் கிண்டல் செய்யத் தோன்றாது. வாரத்தில் நான் ஒழுங்காக மூச்சுவிடுகிற நேரம் அது. இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் பிழைப்பு என்ன ஆவது?

சீசனுக்கு முந்தைய வாரம் ஆள் மாறும் வாரம். மந்திரிசபை மாற்றம்கூட அவ்வளவு ரகசியமாக நடக்காது. யார் எந்த அணிக்குத் தாவுகிறார், யாரை யார் இழுக்கிறார் என்று லீக்கின் அரட்டைக் குழுவில் ஒரே புகைச்சல். ஒரு காருக்கு இரண்டே ஓட்டுநர்கள், ஒருவர் பாதிப் பந்தயம் ஓட்டிவிட்டு மற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை மாலைக்குள் பெயர் பதிந்தாக வேண்டும். பதியாதவன் அந்த சீசன் முழுக்க வேடிக்கை பார்க்கலாம்.

திங்கட்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், மௌனி நம்ம டீமுக்கு வர்றாங்க."

போன சீசனில் அதிவேகச் சுற்று அடித்தது மௌனி. இந்த லீக்கில் யாரும் அவர் குரலைக் கேட்டதில்லை. எழுத்தில் "சரி" என்பார், "இல்லை" என்பார். ஒரு தடவை "ம்" என்று எழுதியதை ஆட்கள் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"நெஜமாவா மாமா? எப்படிப் பிடிச்சீங்க?"

"வர்றீங்களான்னு கேட்டேன். சரின்னாங்க." மாமா கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அதனால, டீம்ல ஒருத்தர் இறங்க வேண்டியிருக்கு."

"ஆமா, ரெண்டு பேர்தானே."

"அவருக்கு ஒரு நல்ல வழியனுப்பு எழுதணும். நீதான் எழுதணும். அதுதான் நியாயமும்கூட."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் தன் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நெஜமாத்தான் சொல்றீங்களா? மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ரெண்டு நாளா தூக்கமில்ல. ஆனா டீமுக்கு எது நல்லதோ அதைச் செய்யணும்ல?"

"பெரிய மனசு மாமா உங்களுக்கு."

"உனக்கும்தான்டா மச்சான்," என்று என் தோளில் தட்டினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

மெதுவாக ஓட்டுகிறவர் இறங்கி முதலாளியாக மட்டும் இருக்கப்போகிறார், வேகமாக ஓட்டுகிறவனையும் மௌனியையும் வைத்துக்கொள்ளப்போகிறார். உலகத்தில் எந்த அணியும் இதைத்தான் செய்யும். இதில் கேட்டுத் தெளிய என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மாமா மேல் எனக்குப் பிரியம் உண்டு. குறும்பும் உண்டு. இரண்டையும் சரிபாதி கலந்தேன்.

"ஒவ்வொரு வளைவையும் ஒரு கேள்வியாக மதித்தவர், பதில் சொல்ல ஒருபோதும் அவசரப்படாதவர். தன் பின்னால் வந்த எவரையும் காக்க வைக்காத பெருந்தன்மையாளர். வெற்றி தோல்வி இரண்டையும் சமமாகப் பார்த்தவர்; அவற்றுள் ஒன்றை மட்டும் அடிக்கடி பார்த்தவர். பற்சக்கரம் அணியின் தூண், கூரை, வாசற்படி எல்லாம் இவரே. இவர் எழுந்த இருக்கையில் இன்னொருவர் உட்காரலாம். அதை நிரப்ப முடியாது."

கடைசி வரியில் மாமாவின் இடுப்புச் சுற்றளவு சம்பந்தமான உள்குத்து ஒன்று இருந்தது. அது அவருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

மாமா படித்தார். நிமிர்ந்தார். மறுபடி படித்தார்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"இல்ல மாமா. இதுக்குக் கீழ எழுதினா என் மனசாட்சி உறுத்தும்."

"தூண் சரி. கூரையுமா?"

"கூரையும்தான்."

"சரி விடு, உன் திருப்திதான் முக்கியம். இந்த மாதிரி நேரத்துல மனுஷன் என்ன வேணா எழுதலாம். படம் நான் பாத்துப் போட்டுக்கறேன்."

அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் கேன்டீனில் இருந்தபோது அறிவிப்பு வந்தது. என் முழுப் பாராவும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. மேலே தங்க நிறச் சட்டம். சட்டத்துக்குள் என் முகம்.

படமாவது நல்ல படமா? அக்கா வீட்டில் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. மூக்கு சிவந்து, கண்ணில் நீர் நிற்க, பிரிவுத்துயரில் நொறுங்கியவன் மாதிரி இருந்தேன்.

பற்சக்கரத்தின் அறிவிப்புகளை எழுதுவது யார் என்று லீக் முழுக்கத் தெரியும். அதனால் கீழே இருந்த கருத்துகளில் யாரும் சுற்றி வளைக்கவில்லை.

"தன்னைப் பத்தித் தானே இப்படி எழுத ஒரு தில்லு வேணும்."

"பதினொண்ணாவது வந்த வீட்டுக்குத் தூணு வேற."

"வாசற்படியும் இவரே. அதான் எல்லாரும் ஏறித் தாண்டிப் போனோம்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழன் அதை எட்டிப் பார்த்துப் படித்தான். ஊரையே கிண்டல் செய்கிறவனுக்கு இப்படி ஒரு நாள் வராதா என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தவன் அவன். "கூரை சார், டீக்குக் காசு நீங்க குடுங்க," என்றான். கொடுத்தேன். கொடுத்தால் நிறுத்திவிடுவான் என்று நம்பினேன். நிறுத்தவில்லை.

நேராகக் கிளினிக்குக்குப் போனேன். முன்மேசையில் அக்கா. அங்கே வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்புவது அவள் வேலை.

"டேய், நில்லு, உள்ள பேஷன்ட் இருக்காரு."

"எனக்கு வலிக்குது."

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்லக்கா."

உள்ளே சாய்வு நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். நல்ல சட்டை போட்ட நடுவயதுக்காரர். வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாய். மாமா துளைக்கும் கருவியோடு குனிந்திருந்தார்.

"மாமா, போஸ்டர்ல என் படம் இருக்கு."

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் மாமா நிமிராமல்.

"இறங்குறது நீங்கதானே?"

கருவி நின்றது. "நானா?"

"நீங்கதானே சொன்னீங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு, தூக்கமில்லன்னு!"

"உன்னை எடுக்கறமேன்னு கஷ்டம்டா! நானே என்னை எடுத்தா எனக்கு எதுக்குத் தூக்கம் போகுது? நிம்மதியா தூங்க மாட்டேனா?"

"ஆங்," என்றார் படுத்திருந்தவர்.

"நீங்க இருங்க சார். மரத்துப் போச்சா? நல்லா மரக்கட்டும்." மாமா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ எழுதினது?"

"உங்களைப் பத்தி."

மாமா முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார். "அந்தத் தூணு?"

"நீங்க."

"கூரை?"

"நீங்கதான் மாமா, மொத்தக் கட்டடமும் நீங்கதான். என்னைப் பத்தி நானே அப்படி எழுதுவேனா?"

"நீ எழுதுவேன்னுதான் நாங்க ரெண்டு பேருமே நெனச்சோம்," என்றாள் கதவருகே வந்து நின்ற அக்கா. "பாவம், சீட்டு போற கடுப்புல புலம்பறான், விட்டுடுங்கன்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன்."

மாமா கையுறையைக் கழற்றினார். போனை எடுத்து அறிவிப்பை முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை உதடு அசைந்தது. பெருந்தன்மையாளர் என்ற இடத்தில் தொண்டையைச் செருமினார். எல்லாம் படித்து முடித்து அந்த நாற்காலிக்காரரின் காலடியில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைப் பத்தி இப்படி ஒருத்தரும் எழுதினதில்லடா. இங்க வர்றவங்கல்லாம் என்னைப் பாத்தாலே நடுங்கறாங்க. அந்த ரூம்ல உக்காந்தா மட்டுந்தான் நான் ஒருத்தருக்கும் வலி குடுக்காம ஒரு வேலை செய்யறேன்."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஆனாலும் சீட்டு சீட்டுதான். "அப்ப என்ன மாமா செய்யலாம்?" என்று இதமாகக் கேட்டேன்.

மாமா என்னைக் கனிவோடு பார்த்தார்.

"நீயே சொல்லு. இவ்வளவு நல்ல டிரைவரை எந்த முதலாளியாவது வெளிய அனுப்புவானா?"

"மாமா!"

"நீதானே எழுதியிருக்கே, நிரப்ப முடியாதுன்னு. லீக் மொத்தமும் படிச்சாச்சு."

"நான் உங்களைவிட வேகம்."

"வேகம்தான். புல்லுக்குப் போறதுலயும் வேகம். சார், நீங்களே சொல்லுங்க, மெதுவா ஒழுங்கா முடிக்கறவன் வேணுமா, வேகமா போய் நடுவுல சுத்தறவன் வேணுமா?"

நாற்காலிக்காரர் கண்ணை உருட்டி என்னையும் மாமாவையும் பார்த்தார். மாமாவின் கைக்கெட்டும் தூரத்தில் துளைக்கும் கருவி இருந்தது. ஒரு விரலை மெதுவாக மாமா பக்கம் நீட்டினார்.

நேர்மையான வாக்கெடுப்பு.

அக்காவிடம் முறையிட்டேன். "ஏங்க, பாவங்க அவன்," என்றாள் ஒரு தடவை. பிறகு என்னிடம், "டேய், இவரும் ஆசையா ஓட்டறாருடா. ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பாவம்னு சொல்ல ஆரம்பிச்சா எனக்கு வேற வேலை நடக்காது," என்றாள்.

பிரிவு உபசாரமாக மாமா தன் பழைய ஸ்டீயரிங்கை எனக்குக் கொடுத்தார். அவர் புதுசு வாங்கியிருந்தார். பிளாஸ்டிக் பையில் ஸ்டீயரிங்கோடு பேருந்தில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் பைக்குள் பார்த்துவிட்டு டிரைவரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, உட்கார ஒரு அணி இல்லை. பதிவு முடிய மூன்று நாள்.

வியாழன் காலை எனக்கு ஒரு செய்தி வந்தது. மௌனியிடமிருந்து. "சரி", "இல்லை" இரண்டும் இல்லாத செய்தி.

"உங்கள் இடத்துக்கு வந்ததில் எனக்கு வருத்தம். என் பழைய அணியில் என் இடம் காலி. கூட ஓட்டுகிறவர் கத்திரி. நல்ல மனிதர். பந்தயம் முழுக்கப் பேசுவார். பதில் வேறு எதிர்பார்ப்பார். எனக்கு வேலையே வாடிக்கையாளர் சேவை. காலை முதல் மாலை வரை போனில் இன்டர்நெட் வேலை செய்யாதவர்களோடு பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பேச முடியாது. அதனால் விலகினேன். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சரிப்படும்."

கத்திரி முடிதிருத்துபவர். சலூனின் பின்னறையில் ஸ்டீயரிங் வைத்திருப்பவர். போன சீசனில் மௌனியின் வேகத்தால் மேலே போய், கத்திரியின் மோதல்களால் கீழே வந்து, நடுவில் நின்ற அணி அது. அவருக்கு போன் போட்டேன்.

"வாங்க தம்பி, கூரை!" என்றார் எடுத்த எடுப்பில். "படிச்சேன், படிச்சேன். கடையில வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டிட்டேன்."

"அண்ணே, அது என்னைப் பத்தி இல்ல." முழுக் கதையையும் சொன்னேன். நடுநடுவே கத்திரியின் சிரிப்பும் நிஜக் கத்திரியின் சத்தமும் கேட்டன. யாரோ ஒருவர் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

"சரி, அது யாரைப் பத்தியோ போகட்டும். உங்களைச் சேத்து ரெண்டு பேர் சீட்டு கேட்டு வந்திருக்கீங்க. இன்னொருத்தன் உங்களைவிட நல்லாவே வேகம், ஒளிக்காம சொல்லிடறேன். நாளைக்கு மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது. பத்து சுத்து ஓட்டிக் காட்டுங்க. நானும் பக்கத்துல இன்னொரு கார்ல வர்றேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். கார் முழுசா திரும்பி வரணும். நான் மோதறேன்னு எனக்கே தெரியும். ரெண்டு பேரும் மோதினா வண்டி தாங்காது."

வெள்ளி மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங்கைப் பொருத்தினேன். மேசையின் மறுமுனையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வலது பக்கம் வெட்டித் திருப்பினால் வெங்காயம் இடது பக்கம் உருளும்.

"மெதுவாடா, விரலை வெட்டிக்கப் போறேன்."

"இது என் வாழ்க்கைப் பிரச்சினைக்கா."

"இது என் விரல்டா."

ஹெட்போனில் கத்திரி வந்தார். முதல் சுற்று தொடங்குவதற்குள் என் கல்லூரி, பாடம், அப்பா அம்மா, தலையில் பொடுகு உண்டா என்பது வரை கேட்டுவிட்டார். மைதானத்தின் கோடியில் அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்தது. முன்னால் கத்திரியின் கார். உள்பக்கம் ஒரு கார் நுழைகிற அளவு இடம். என் கால் துறுதுறுத்தது.

"பொடுகு இருக்கா இல்லையா, சொல்லவே இல்லையே?"

"கொஞ்சம் இருக்குண்ணே, பனிக்காலத்துல," என்றேன். சொல்லி முடிக்கும்போது வளைவு முடிந்திருந்தது. கார் ரோட்டிலேயே இருந்தது.

மூன்றாம் சுற்றில் என் மாமாவுக்கும் அக்காவுக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்டார். அக்கா அவருக்கு நோயாளியாகப் போய், மயக்க ஊசி ஏறிய வாயோடு ஏதோ சொல்ல, சம்மதம் என்று அவர் நம்பிய கதையைச் சொன்னேன். "அப்படியெல்லாம் இல்ல, பொய் சொல்லாதே," என்று அக்கா கத்தியை நீட்டினாள். அந்தக் கலவரத்தில் வளைவு மறுபடி கடந்து போனது. ஐந்தாம் சுற்றில் எனக்கு உறைத்தது. அங்கே யாரையும் மடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்குப் பேராசைப்பட நேரம் கிடைப்பதில்லை.

உறைத்ததுதான் வினை. ஆறாம் சுற்றில் கடைக்குள் யாரோ வர, கத்திரி ஓட்டிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவரிடம் பேசினார். காதில் அமைதி. வளைவு வருகிறது. உள்பக்கம் இடம் தெரிகிறது. வலது கால் தானாக அழுந்தியது. காரின் பின்பகுதி விலக ஆரம்பித்தது.

"அக்கா," என்றேன் பதற்றத்தில், "வெங்காயம் எத்தனை?"

"என்னது?"

"வெங்காயம்! எத்தனை நறுக்கினே?"

"நாலு. எதுக்கு?"

"குழம்புக்கா?"

"பொரியலுக்கு. உனக்கு என்னடா ஆச்சு?"

கார் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. புல்லை ஒரு சக்கரம் மட்டும் தொட்டுவிட்டு வந்தது. பத்தாம் சுற்று முடியும் வரை அக்காவிடம் உப்பு, எண்ணெய், மாமாவின் ரத்த அழுத்தம் பற்றி விசாரித்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"முடிச்சிட்டேண்ணே," என்றேன், கத்திரி மறுபடி காதில் வந்ததும். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கிண்டல் ஒரு சொட்டுகூட இல்லை அதில். "வேகம் பத்தாதுன்னு தெரியும். ஆனா எனக்கு இந்த சீட்டு வேணும். ரொம்ப வேணும்."

வந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு கத்திரி பேச ஆரம்பித்தார்.

"அந்த இன்னொருத்தன் பத்து சுத்தும் உம்முனு ஓட்டினான் தம்பி. நல்ல வேகம். எனக்குப் பயமா இருந்துச்சு, ஏதோ பேயோட சேந்து வண்டி ஓட்டற மாதிரி. நீங்க ஆறாவது சுத்துல விட்டிருந்தா அவனுக்குத்தான் சொல்லியிருப்பேன். எப்படிப் பிடிச்சீங்க?"

"வெங்காயம்ணே."

"ஆங்?"

"அக்காகிட்ட பேசிட்டு இருந்தேன். நீங்க பேசலை, அதான்."

ஹெட்போன் அதிரும்படி சிரித்தார். "அப்ப நான் வாயை மூடக் கூடாதுங்கறீங்க! எங்க வீட்டுல கேட்டா அவங்க நெஞ்சே வெடிச்சிடும். தம்பி, நாளைக்கு உங்க பேரைப் பதியறேன். ஒரே ஒரு விஷயம். போஸ்டர்ல போட ஒரு படம் வேணும். அந்த ஜலதோஷப் படம் வேணாம். கடைக்கு வாங்க, முதல்ல அந்தத் தலையை ஒரு வழி பண்ணுவோம்."

சனிக்கிழமை அவரே அறிவிப்பு எழுதினார். என்னை எழுத விடவில்லை. வெட்டிச் சீவிய தலையோடு என் படம். அதன் கீழே, "புது டிரைவர். பேசினால் பதில் சொல்லுவார்" என்று மட்டும் இருந்தது. மாமா முதல் ஆளாக விருப்பக்குறி போட்டார். பிறகு எனக்கு போன் செய்து, "ஏன்டா, என் போட்டி டீமுக்கே போயிட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டார். "நீங்க என்னை எடுத்துட்டீங்களே மாமா" என்றேன். "எடுத்தா? அதுக்காகப் போயிடறதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. எங்கள் அணிக்குத் தொடக்கப் பாதி என்னுடையது. வரிசையில் எனக்கு நேர் பின்னால் கடைவாய்ப் பல் வரைந்த கார், அதில் மாமா. சாப்பாட்டு மேசையை அக்கா காலி செய்துகொடுத்திருந்தாள். திரையில் பாதைக்கு மேல் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன; எல்லாம் அணைந்ததும் கிளம்ப வேண்டும்.

"பயமா இருக்கா தம்பி?" என்றார் கத்திரி காதில்.

"இருக்குண்ணே."

"இருக்கட்டும். நேத்து ஒரு கஸ்டமர் வந்தாரு. பாதித் தலைதான் வெட்டியிருக்கேன், மாமனார் வீட்டுல இருந்து போன். ஆள் அப்படியே போத்தின துணியோட எழுந்து ஓடறாரு…"

"துணியோடவா? அப்புறம்?"

விளக்குகள் அணைந்தன. அழுத்தினேன்.